போர் தண்ணிக்கு வயசு என்ன?

(நைனார்பாளையத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்க வீட்டு போர் எத்தனை அடின்னு கேட்டால் டக்குன்னு சொல்லிடுவீங்க. அதில் வரும் தண்ணிக்கு எத்தனை வயசுன்னு கேட்டால்? சிரிப்பீங்க. ஆனால் அதையும் அளக்க முடியும்.

மழைநீரில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் மிக மிகக் குறைந்த அளவில் இருக்கிறது. வானில் இயற்கையாகவே உருவாவது, பயப்பட ஒன்றுமில்லை. ஏறக்குறைய 12 ஆண்டு 4 மாதத்துக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும். 1950, 60-களில் நடந்த அணுகுண்டு சோதனைகளால் மழையில் இதன் அளவு பல மடங்கு கூடியது. எனவே தண்ணியில் டிரிட்டியம் இருந்தால், அண்மைக்கால மழை அதில் கலந்திருக்கிறது. அறவே இல்லை என்றால், அந்தச் சோதனைகளுக்கு முன்பே பூமிக்குள் இறங்கிய நீர்.

அதைவிடப் பழசை அளக்க கார்பன்-14 இருக்கிறது. இது பாதியாகக் குறைய 5,730 ஆண்டு ஆகும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் நெய்வேலிப் பகுதியின் ஆழத்து நீரை இப்படி ஆராய்ந்து, 1998-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். 30,000 ஆண்டு வரையிலான பழைய மழைக்காலங்களின் தடயம் அந்த நீரில் இருந்தது!

நெய்வேலியில் இருப்பது மணற்பாறை. உங்க பக்கம் கெட்டிப் பாறை. மேலே சிதைந்த பாறையிலும், அடியில் வெடிப்புகளிலும்தான் தண்ணி நிற்கும். கிணற்று மட்டத்து நீர் மழை பெய்தால் ஏறும். ஆழத்து வெடிப்பில் அடைபட்ட நீர் பழசாக இருந்தால், எடுத்த வேகத்தில் திரும்ப நிரம்பாது. அதை மரவள்ளிக்கும் மக்காச்சோளத்துக்கும் தினமும் இறைப்பது, விதைநெல்லைக் குத்திச் சாப்பிடுவது மாதிரி.

அதனால் இன்னும் 200 அடி இறக்கலாமா என்று யோசிக்கும் முன்பு, உங்க குறுவட்டத்தின் நிலையைப் பாருங்க. எந்தக் குறுவட்டம் பாதுகாப்பானது, எங்கே அளவுக்கு மீறி நீர் எடுக்கப்படுகிறது என்ற விவரம் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் அறிக்கையில் இருக்கு. போனிலேயே படிக்கலாம். ஏரி, வாய்க்கால் தூர்வாருவது பற்றி கிராம சபையில் கேளுங்க. 2003-ல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புத் தொட்டி உங்க வீட்டில் அடைத்துக் கிடக்கிறதா என்றும் பாருங்க.

ஒன்றை மறக்காதீங்க: வயசு வேறு, தரம் வேறு. பழைய நீர் என்பதாலேயே அது சுத்தமான நீர் ஆகிவிடாது. ஃபுளோரைடு, நைட்ரேட் அளவை அறிய, குடிநீர் வடிகால் வாரியப் பரிசோதனைக் கூடத்தில் உங்க தண்ணியைக் கொடுத்துப் பாருங்க.