பழைய கணினியும் எளிய லினக்ஸும்

(திருத்தணி ஊராட்சி ஒன்றியக் கூட்ட அரங்கில், மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர்களும் ஊராட்சிச் செயலர்களும் மாணவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு ஒரு சுயஉதவிக் குழுவின் கணக்கேடுகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். கணக்கு எழுதிவரும் அம்மையார், "ஐயா, புதிய கணினி வாங்க முப்பதாயிரம் ரூபாய் கடன் எடுக்கலாமா என்று குழுவிலே பேசிக்கொண்டிருக்கிறோம்" என்றார். வீட்டில் கணினி இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது, மகள் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது அரசு வழங்கிய மடிக்கணினி அது. "பொத்தானை அழுத்திவிட்டுப் போய் உலை வைக்கலாம் ஐயா. சோறு வெந்த பிறகுதான் அது கண் திறக்கும்" என்றார். சுற்றியிருந்தோர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பதாயிரம் ரூபாய் அக்குழுவுக்குச் சிறு தொகையன்று. அக்கடனைத் தவிர்க்க வழி உண்டா என்றே என் மனம் எண்ணியது. வழி உண்டு. அதனை இன்று உங்கள்முன் எடுத்துரைக்க விரும்புகின்றேன். நான் வரலாறு படித்த பட்டதாரி. கணினிக் கல்வி கற்றவனல்லேன். ஆகவே நான் சொல்வது எவருக்கும் விளங்கும் என்று நம்புகின்றேன்.

கணினி ஏன் தளர்கிறது?

கணினியிலே இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, வன்தட்டு, அது வீட்டின் களஞ்சியம் போன்றது. மற்றொன்று, ராம் எனப்படும் தற்காலிக நினைவகம். அது சமையல் மேடை போன்றது. களஞ்சியத்தில் எவ்வளவு பொருள் இருப்பினும், மேடை சிறிதாயின் ஒன்றை எடுத்துவைத்த பின்னரே மற்றொன்றை வைக்க இயலும். பழைய மடிக்கணினிகள் பலவற்றில் இம்மேடையின் அளவு 2 ஜிபி மட்டுமே. மென்பொருள்களோ ஆண்டுதோறும் பெருத்து வருகின்றன. மேடை அப்படியே இருக்கப் பாத்திரங்கள் பெருகினால் சமையல் தாமதப்படுவது இயல்பே. கணினி கெட்டுவிட்டது என்று நாம் கருதுவதிற் பெரும்பகுதி இத்தகைய இடநெருக்கடிதான்.

இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10 அமைப்புக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11 அமைப்போ குறைந்தது 4 ஜிபி நினைவகமும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் கேட்கிறது. இவை இல்லாத பழைய கணினிகள் முறைப்படி அதற்கு மாற முடியாதவை. பாதுகாப்புத் திருத்தங்கள் வாராத கணினியிலே வங்கிக் கணக்கைத் திறப்பது, தாழ்ப்பாள் இல்லாத பெட்டியில் குழுவின் பணத்தை வைப்பதற்கு ஒப்பாகும்.

லினக்ஸ் என்பது யாது?

கணினியின் உறுப்புகளை இயக்கி, நம் கட்டளைகளை நிறைவேற்றும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்பர். விண்டோஸ் அத்தகைய ஒன்று, லினக்ஸ் மற்றொன்று. 1983-ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர், எவரும் பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உரிமையுள்ள இயங்குதளம் வேண்டுமென்று குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் கருநிரலை எழுதி வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்து, உலகெங்கும் உள்ள வல்லுநர்களின் உழைப்பால் வளர்ந்தன. உங்கள் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியும் லினக்ஸ் கருநிரலின் மேலேயே இயங்குகிறது.

நமக்கும் இது புதிதன்று. மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று நமது திருவள்ளூர் மாவட்டத்திலேயே தொடங்கப்பெற்றது. அவ்வாறு வழங்கிய கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்னும் அமைப்பும் இடம்பெற்றிருந்தது. அது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. நம்மிற் பலர் அதனைத் திறந்து பாராமலே விட்டுவிட்டோம். அண்டை மாநிலமான கேரளத்திலோ அரசுப் பள்ளிகளில் லினக்ஸைக் கொண்டே பல்லாண்டுகளாகக் கணினிக் கல்வி அளித்து வருகின்றனர்.

லினக்ஸில் பல வகைகள் உள்ளன. சில அழகிய தோற்றங்களோடு மிகுந்த நினைவகம் கொள்வன. சில எளிய தோற்றத்தோடு குறைந்த இடத்தில் இயங்குவன. நம் மலைக்கோயிலுக்கு 365 படிகள். முதியவர் படியேறும்போது தோளிலுள்ள மூட்டையைக் கீழே இறக்கிவைத்துவிட்டு, பூசைத் தட்டை மட்டும் ஏந்திச் செல்வதில்லையா? எளிய லினக்ஸ் பழைய கணினிக்குச் செய்வதும் அதுவே. ஏறவேண்டியவர் அவரே; சுமைதான் குறைந்தது.

ஓர் எச்சரிக்கை

வழிமுறையைக் கூறுமுன் என் தவறொன்றைக் கூறியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, என் வீட்டுக் கணினியில் லினக்ஸை நிறுவ முற்பட்டேன். திரையில் ஒரு வினா தோன்றியது. நேரமாகிவிட்டதென்று அதனை முழுதும் படியாமல் முதலில் இருந்த விடையையே அழுத்தினேன். வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவுக என்பது அதன் பொருள். அக்கணினியிலேதான் மறைந்த என் தந்தையாரின் ஒளிப்படங்களும், அவர் ஆடிக் கிருத்திகையன்று பாடிய பாட்டின் ஒலிப்பதிவும் இருந்தன. சித்தூரிலுள்ள என் தமக்கையாரிடமிருந்து படங்கள் சில கிடைத்தன. ஒலிப்பதிவு கிடைக்கவில்லை. பல நாட்களுக்குப் பின் என் தாயார், "அப்பா பாடினதைக் கொஞ்சம் போடப்பா" என்று கேட்டார். அன்று நான் பட்ட துன்பத்தை நீங்கள் எவரும் படலாகாது. குற்றம் லினக்ஸினுடையதன்று, என் அவசரத்தினுடையது.

படிப்படியாகத் தொடங்குதல்

ஆகவே முதற்படி, படி எடுத்து வைத்தல். படங்கள், கணக்குகள், சான்றிதழ்கள் ஆகிய அனைத்தையும் வேறொரு வட்டிலோ பென்டிரைவிலோ பதிந்து, அவை அங்கே திறக்கின்றனவா என்று திறந்தும் பாருங்கள். பதிந்தோம் என்று நம்புவது போதாது.

இரண்டாம்படி, கணினியின் அளவை அறிதல். நினைவகம் எத்தனை ஜிபி, கணினி 32 பிட்டா, 64 பிட்டா என்பவற்றைக் கணினியின் அமைப்புப் பக்கத்திலே காணலாம். 64 பிட் கணினியில் 4 ஜிபி இருப்பின் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பொருந்தும். 2 ஜிபி இருப்பின் லுபுண்டுவை முயலலாம். அதனினும் குறைவாயினும், 32 பிட் ஆயினும், ஆன்டிஎக்ஸ் போன்ற மிகச் சிறிய அமைப்பே ஏற்றது. அடிப்பக்கம் உப்பியிருந்தால் மின்கலம் வீங்கியிருக்கிறதென்று பொருள். அதனை மாற்றாமல் கணினியைத் தொடவே வேண்டா.

மூன்றாம்படி, நிறுவும் பென்டிரைவை ஆக்குதல். தெரிந்தெடுத்த அமைப்பின் சொந்த வலைத்தளத்திலிருந்து மட்டும் அதன் ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்குங்கள். அது ஏறத்தாழ 3 ஜிபி அளவு இருக்கக்கூடும். இக்கோப்பைப் பென்டிரைவில் சாதாரணமாகப் படியெடுத்தால் கணினி அதிலிருந்து தொடங்காது. ரூஃபஸ், எட்சர் போன்ற மென்பொருள் ஒன்றால் 8 ஜிபி பென்டிரைவில் எழுத வேண்டும். அவ்வாறு எழுதுகையில் பென்டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

நான்காம்படி, நிறுவாமலே சோதித்தல். இதுவே லினக்ஸின் பெருஞ்சிறப்பு. பென்டிரைவைச் செருகி, கணினியைத் தொடங்கும்போது எஃப்12, எஃப்2, எஸ்கேப் ஆகியவற்றுள் உங்கள் கணினிக்குரிய விசையை அழுத்திப் பென்டிரைவைத் தேர்ந்தால், வன்தட்டைத் தொடாமலே லினக்ஸ் இயங்கும். வைஃபை கிடைக்கிறதா, ஒலி கேட்கிறதா, அச்சுப்பொறி வேலை செய்கிறதா என்று ஓய்வாகப் பாருங்கள். பிடிக்கவில்லையெனில் கணினியை நிறுத்திப் பென்டிரைவை எடுத்துவிடலாம். பழைய அமைப்பு இருந்தபடியே இருக்கும். ஆற்றில் இறங்குமுன் ஆழம் பார்க்கும் வாய்ப்பு இது.

ஐந்தாம்படியே நிறுவுதல். பழைய அமைப்பின் அருகிலேயே நிறுவுவதா, அனைத்தையும் அழித்துவிட்டு நிறுவுவதா என்னும் வினா இங்குதான் வரும். தொடங்குவோர் முன்னதையே தேர்ந்தெடுக்க; அப்போது கணினியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டில் எது வேண்டுமென்று கேட்கும். பழைய மின்கலத்தை நம்பாமல், மின்தடை வாராத வேளையிலே, மின்இணைப்போடு செய்யுங்கள். கண்ணுக்குத் துணையாக மற்றொருவரை அருகில் இருத்திக்கொண்டு, திரையில் வருவதை வாய்விட்டுப் படித்த பின்னரே விசையை அழுத்துங்கள்.

தமிழும் தெலுங்கும்

1960 ஏப்ரல் முதல் நாளில் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்த ஊர் இது. இன்றும் நம் இல்லங்கள் பலவற்றில் இரு மொழிகளும் வழங்குகின்றன. லினக்ஸில் ஐபஸ் என்னும் உள்ளீட்டு வசதியைச் சேர்த்துக்கொண்டால் தமிழ்99 விசைப்பலகையும், பழகிய கைகளுக்குத் தட்டச்சு இயந்திர முறையும், தெலுங்கு விசைப்பலகையும் கிடைக்கும். கடிதமும் கணக்கும் எழுத லிப்ரே ஆபீஸ் உண்டு. அது வேர்டு, எக்செல் கோப்புகளையும் திறக்கும். எனினும் பக்க அமைப்பு சற்று இடம் மாறக்கூடும்; ஆதலால் பிறருக்கு அனுப்பும்போது பிடிஎஃப் ஆக அனுப்புதல் நன்று.

ஊராட்சிச் செயலர்களுக்கு ஒரு சொல். வானவில் முதலான பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட தீர்மானங்கள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். அவை அழிந்துவிடவில்லை. அவற்றை யூனிகோடு முறைக்கு மாற்றிவைத்தால் எக்கணினியிலும் படிக்கலாம். யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-இலேயே தரமாக ஏற்றுள்ளது.

இயலாதவை

இது சர்வரோக நிவாரணி என்று நான் கூறவில்லை. விண்டோஸுக்கென்றே எழுதிய டாலி போன்ற கணக்கு மென்பொருள்கள் இதில் நேராக இயங்கமாட்டா. எண்ணிமக் கையொப்பக் கருவி வேண்டும் அலுவலகப் பணிகளுக்கு விண்டோஸ் தேவைப்படலாம். அலுவலகக் கணினியை உத்தரவின்றி மாற்றவும் கூடாது. உலாவியில் பத்துப் பக்கங்களை ஒருங்கே திறந்தால் 2 ஜிபி கணினி லினக்ஸிலும் திணறும். சுழலும் வன்தட்டை நீக்கி எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினால், நினைவகம் கூட்டாமலே வேகம் பெரிதும் உயரும்.

இனி அந்த அம்மையாரின் கணினிக்கு வருவோம். 2 ஜிபி நினைவகம், 64 பிட். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோப்புகளை எல்லாம் முதலிற் படியெடுத்த பின், அவ்வூர்க் கல்லூரி மாணவர் இருவர் துணையோடு லுபுண்டுவை விண்டோஸின் அருகிலேயே நிறுவினோம். கேள்வி வந்த இடத்தில் அம்மையாரே மூன்று முறை உரக்கப் படித்தார். இப்போது உலை கொதிக்குமுன் கணினி திறந்துவிடுகிறது. குழுவின் தீர்மானங்களைத் தமிழிலும், நகரியிலுள்ள நூல் வணிகருக்குக் கடிதத்தைத் தெலுங்கிலும் அவரே அடிக்கிறார். நான்கு பக்கங்களுக்கு மேல் திறந்தால் தளர்கிறது என்று குறையும் கூறினார், அதுவும் உண்மையே. ஆயினும் கணினிக் கடன் வேண்டாமென்று குழு தீர்மானித்தது. அத்தொகையைத் தையல் இயந்திரத்துக்குக் கேட்டிருக்கிறார்கள். கடன் வாங்கினால் திரும்ப வருமானம் தரும் பொருளுக்கு வாங்கவேண்டும் என்பது அவர்கள் எனக்குச் சொன்ன பாடம்.

நண்பர்களே, உங்களிடம் நான் வேண்டுவது சிறியது. ஒவ்வோர் ஊராட்சியிலும் இளைஞர் இருவர் இதனைக் கற்றுக்கொள்ளுங்கள். சோதித்துப் பார்த்த பென்டிரைவ் ஒன்றை ஊர் நூலகத்தில் வைத்திருங்கள்; அதனைப் படியெடுத்துப் பிறருக்கு வழங்குவதற்கு உரிமம் தடை செய்யவில்லை. பரணில் தூங்கும் கணினியை இறக்கித் துடைத்து ஒருமுறை முயன்று பாருங்கள். ஆனால் அதற்குமுன், இன்று வீடு சென்றதும், பெற்றோரின் குரலும் பிள்ளைகளின் படமும் எங்கே இருக்கின்றன என்று தேடி, இன்னோரிடத்திலும் பதிந்துவையுங்கள். கணினி போனால் வேறு கணினி வரும்.