இறால் குளமும் ஏரிக்கரைக் கூலியும்



ஆலையில் புது யந்திரம் இறங்கினால் பின்னாலேயே ஆட்குறைப்பு நோட்டீஸ் வரும். இதை ஆலைத் தோழர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நோட்டீஸே ஒட்டாமல் வேலையைப் பறித்த கதை ஒன்று பழவேற்காடு ஏரிக்கரையில் உண்டு.

முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இறால் துறைகளைக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் மீனவர்கள் சீட்டுப் போட்டு முறைவைத்துக் கொள்வது வழக்கம். இதற்குப் பாடு என்று பெயர். இன்று உனக்கு நல்ல துறை என்றால் நாளை எனக்கு. அது ஒரே சாதிக்குள் அடங்கிய முறை, தாழ்த்தப்பட்ட மீனவரை வெளியே நிறுத்திய முறை என்பதையும் நாம் மறைக்கப் போவதில்லை. துறையும் இல்லாத, வலையும் இல்லாத இருளர் பெண்கள், பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிப்பார்கள்.

1990-களில் புது விஞ்ஞானம் வந்தது. கடற்கரை மாவட்டங்களில் குளம் வெட்டினார்கள். டீசல் பம்பு வைத்து உப்பு நீரை ஏற்றினார்கள். குஞ்சு விட்டுத் தீவனம் கொட்டினார்கள். டாலர் கொட்டும் என்றார்கள். கொட்டியது, யார் பையில்? நெல் வயல் என்றால் நாற்று நட, களை பறிக்க, அறுக்க எத்தனை கைகள் வேண்டும்! அதே நிலம் இறால் குளமானால் ஒரு காவல்காரர், தீவனம் வீச ஓரிரு ஆட்கள், அவ்வளவுதான். பக்கத்து நிலத்தில் உப்பு ஏறும், கிணறு கரிக்கும். குளத்துக் கழிவு ஏரியில் இறங்கினால் பறி வெறுமையாகத் திரும்பும்.

சர்வோதயத் தொண்டர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்றது. மூடப்படும் பண்ணைகளின் தொழிலாளிக்கு ஆட்குறைப்பு நஷ்டஈடும், அதற்கு மேல் 6 ஆண்டுக் கூலியும் தரச் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் நிபந்தனையைப் பாருங்கள்: ஓராண்டு தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். மஸ்டர் ரோலில் பேரே எழுதாத முதலாளியிடம் வேலை பார்த்தவன் எதைக் கொண்டு அதை நிரூபிப்பான்?

2005-இல் வேறு சட்டம் வந்தது; பதிவு செய்த பண்ணைகளுக்கு வழி திறந்தது. தொழில் இன்றும் நடக்கிறது.

பம்பை உடைக்கச் சொல்லி நாம் இங்கு வரவில்லை. அந்தப் பம்பு மீனவர், கூலிக்காரர் கூட்டுறவின் கையில் இருந்திருந்தால், குளம் எங்கே வெட்டுவது, கழிவை எங்கே விடுவது என்பதை ஏரியை நம்பிப் பிழைப்பவர்களே முடிவு செய்திருப்பார்கள். அதற்கு இன்னும் நாளாகும். இன்று எங்கேனும் பண்ணையில் கூலிக்குப் போகும் தோழர்கள், நாளைக் காலையே மஸ்டர் ரோலைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், நாலு பேராகப் போங்கள்.