மார்பில் தணியாத சிவப்பு
(ஆண்டு விழா மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)



விழா நாளில் நோயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். மும்பையில் நம் பெண்டிர் இத்துணைப் பேர் ஒருங்கே கூடுவது அரிது, ஆதலின் துணிந்தோம்.

மார்பகப் புற்றுநோய் என்றதும் கட்டி ஒன்றையே நாம் எண்ணுகிறோம். கட்டி கைக்குத் தட்டுப்படாமலே, தோலின் வழியாகத் தன்னைக் காட்டும் வகையும் உண்டு. தோலினடியில் நிணநீர் ஓடும் நுண்குழாய்கள் பல. புற்றணுக்கள் அவற்றுட் புகுந்து அடைத்துக்கொள்ளின், நீர் வடிய வழியின்றித் தேங்கும். மார்பு சிவக்கும், வீங்கும், தொட்டால் சுடும். மயிர்க்கால்கள் குழிந்து, தோல் நாகபுரி ஆரஞ்சின் தோல்போல் தடிக்கும். பார்ப்பவர்க்கு இது சீழ்க்கட்டியின் தொடக்கமாகவே தோன்றும். பிள்ளை பெற்றவளாயின் பால்கட்டு என்பர்; முதியவளாயின் அக்கி என்பர். ஊரில் குயவரிடம் சென்று காவி மண்ணால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் நாம் அறிந்ததே. அவ்வழக்கத்தைப் பழிக்க வந்தோம் அல்லோம். அதில் கழியும் நாட்களே நம் கவலை. இந்நோய் வாரக் கணக்கில் பரவுவது.

மருத்துவரும் மயங்குவதுண்டு. முதலில் கிருமிக்கொல்லி மருந்து தருவார். அது குற்றமன்று, கிருமியால் வரும் வீக்கமே மிகுதி. ஆனால் அவ்வீக்கத்திற்குப் பெரும்பாலும் காய்ச்சல் துணைவரும். மருந்து உண்டபின் சிவப்பு அடங்கும். காய்ச்சலுமின்றி, மருந்துக்கும் அடங்காது நின்றால், அதே மருந்தை மீண்டும் வாங்கி உண்டு காத்திருத்தல் ஆகாது. தோலில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்குமாறு கேட்க வேண்டும். எக்ஸ்ரே படத்தில் கட்டி தெரியவில்லை என்பது போதிய விடையாகாது.

முன்னரே அறுவை செய்துகொண்டவர்கள் தழும்பைக் கவனித்து வருக. ஆண்டுகள் பல கழிந்தும் அதனருகே சிவந்த தடிப்போ, வலியற்ற சிறு முடிச்சுகளோ எழலாம்.

சிகிச்சை உண்டு. முதலில் மருந்தால் புற்றை ஒடுக்கி, அதன்பின் அறுவையும் கதிர்வீச்சும் செய்கின்றனர். 1941-இல் தொடங்கிய டாட்டா நினைவு மருத்துவமனை பரேலில் இருக்கிறது, மாதுங்காவிலிருந்து தொலைவன்று.

தொலைவைக் காட்டிலும் மொழியே நமக்குத் தடை. மராத்தியிலோ இந்தியிலோ மார்பென்று சொல்லக் கூசி, மகனைச் சொல்லச் செய்கிறோம். அவனும் கூசி, "தோலில் ஏதோ அரிப்பு" என்று நிறுத்திவிடுகிறான். களிம்போடு திரும்புகிறோம்! உடன்வந்து எடுத்துரைக்க நம் மகளிர் குழுவினர் சிலர் இசைந்துள்ளனர். வாயிலருகே ஓர் ஏடு உள்ளது. துணை வேண்டுவோர் அதில் பெயர் எழுதுக. காரணம் எழுத வேண்டுவதில்லை.