நன்னாரி வாங்க மூக்கு மட்டும் போதுமா?

நாட்டு மருந்துக் கடையில் நன்னாரி கேட்டால், வேரை வாங்கி மோந்து பார்ப்போம். மணம் வந்தால் காசைக் கொடுத்துவிடுவோம். ஆளை மயக்கும் மணம் அது, மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் நம்பினால் ஏமாறத்தான் வேண்டும். அந்த மணத்தைத் தருவது ஹைட்ராக்சி மெத்தாக்சி பென்சால்டிஹைடு என்ற பொருள். ஐஸ்கிரீமில் மணக்கும் வெனிலினுக்கு இது உடன்பிறப்பு: இரண்டிலும் அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, அமைந்திருக்கும் இடம்தான் வேறு. ஊறுகாய் போடுகிறோமே மாகாளிக்கிழங்கு, அதன் மணத்துக்கும் இதே பொருள்தான் காரணம். அதனால்தான் மாகாளியை நன்னாரி என்று சொல்லி விற்க முடிகிறது. இன்னொன்றும் கேளுங்கள்: இந்த மணம் ஆவியாகிப் போகக்கூடியது. நாள்பட்ட அசல் வேரிலும் மணம் குறைந்திருக்கும். ஆக, மணம் இருப்பதால் அசல் என்றோ, இல்லாததால் போலி என்றோ முடிவுகட்ட முடியாது.

பிறகு எதைப் பார்ப்பது? முதலில் பருமன். நன்னாரி வேர் மெலிந்து, நீண்டு, கம்பிபோல் முறுக்கேறி இருக்கும். தடித்தாலும் பெரும்பாலும் சுண்டுவிரலைத் தாண்டாது. கரும்பழுப்புத் தோலில் நீளவாக்கில் வரிகள் ஓடும், குறுக்கே வெடிப்புகள் விழுந்திருக்கும். காய்ந்த துண்டை ஒடித்துப் பாருங்கள். மேல்பட்டை நொறுங்கித் தனியே கழன்றுவரும். நடுவில் மஞ்சள் சாயலோடு கெட்டியான கட்டை நிற்கும். மாகாளியோ சதைப்பற்றுள்ள கிழங்கு. விரலைவிடப் பருத்தது, உள்ளே வெண்மையான சதைதான் அதிகம்.

மணப்பொருள் ஒன்றாக இருக்கும்போது எதைக் குடித்தால் என்ன என்று கேட்கலாம். சர்பத்துக்கு வேண்டுமானால் அது பொருந்தும். மருந்தாகக் கொள்ளும் வேரில் மணம் ஒரு கூறுதான். மற்றவை இரண்டு செடிகளிலும் ஒன்றுபோல் இல்லை. தென்னிந்திய மலைப்பாறைகளில் வளரும் மாகாளிக்கும் இப்படி நன்னாரியாக விற்கப்படுவது நல்லதல்ல. கிழங்கைத் தோண்டும்போது பெரும்பாலும் கொடியே அழிந்துபோகிறது. ஊறுகாய்க்கே திணறும் அந்தக் கொடியின் தலையில் நன்னாரியின் தேவையையும் ஏற்றுவது நியாயமில்லை. அசலா போலியா என்பதை ஆய்வகம் பார்த்துக்கொள்ளும் என்பாரும் உண்டு. மணப்பொருளை மட்டும் அளக்கும் ஆய்வகம் நம் மூக்கு செய்யும் அதே பிழையைத்தான் செய்யும். நுண்ணோக்கியில் திசுவைப் பார்த்தோ, மரபணுவைச் சோதித்தோ பிரித்தறியலாம். கடை வாசலில் நிற்கும் நமக்கு அந்த வசதி ஏது? பொடியாகிவிட்டால் பருமன், வரி, பட்டை என்று பார்க்க எதுவும் மிஞ்சாது. ஆகவே நேயர்களே, வேரை முழுசாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு துண்டை அங்கேயே ஒடித்துப் பார்த்துவிட்டு, வீட்டில் இடித்துக்கொள்ளுங்கள்.