இரும்புக்கைக்குப் பின்னால் இருந்த கைகள்



இந்த மேசைக்குக் கீழே ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறது. அதற்குள் இருப்பவை என் வீட்டுச் சித்திரக்கதைப் புத்தகங்கள். இந்த நூலகத்தின் சிறுவர் பகுதிக்குத் தருவதற்காகக் கொண்டுவந்திருக்கிறேன். "நூலகத்துக்குக் கொடுக்கிறதெண்டால் நல்ல புத்தகமாப் பார்த்துக் கொடுங்கோவன்" என்று வீட்டிலேயே ஒரு குரல் எழுந்தது. அந்தக் குரலுக்குப் பதில் சொல்லத்தான் இன்று மேடை ஏறியிருக்கிறேன்.

இவை நல்ல புத்தகங்கள். இவற்றில் பெரும்பாலானவை இரும்புக்கை மாயாவியின் கதைகள்.

இங்கே நரைத்த தலைகள் சில நிமிர்வதைப் பார்க்கிறேன். அந்தப் பெயரைக் கேட்டதும் முகத்தில் வருகிற சிரிப்பு எனக்குத் தெரியும். முன்னால் பாயில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

லூயிஸ் கிராண்டேல் என்று ஓர் இளைஞன். பேராசிரியர் பாரிஞ்சர் என்பவரின் ஆய்வுகூடத்தில் உதவியாளன். முன்பு நடந்த ஒரு விபத்தில் வலது கையை இழந்தவன். அந்த இடத்தில் இரும்பினால் செய்த கை பொருத்தியிருக்கிறார்கள். ஒருநாள் ஆய்வுகூடத்தில் வெடிப்பு. பெருமளவு மின்சாரம் அவன் உடலில் பாய்கிறது. புகை அடங்கிப் பார்த்தால் ஆளைக் காணவில்லை. இரும்புக்கை மட்டும் காற்றில் மிதக்கிறது! அன்றிலிருந்து மின்சாரம் பாயும்போதெல்லாம் அவன் உடல் மறையும். கை மட்டும் மறையாது. கொஞ்ச நேரம் போனால் உடலும் திரும்பத் தெரியத் தொடங்கும். யாருக்கும் தெரியாமல் எங்கும் நுழையலாம், ஆனால் அந்தக் கையை ஒளித்துக்கொண்டுதான் நுழையவேண்டும். வல்லமையையும் அதன் குறையையும் ஒரே உறுப்பில் வைத்துத் தைத்த கற்பனை அது. இத்தனை வருடம் கழித்தும் என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை.

பிள்ளைகளே, அந்த வல்லமை கிடைத்ததும் அவன் முதலில் செய்தது என்ன தெரியுமா? களவு. ஆம், கதை தொடங்கும்போது அவன் குற்றவாளி. பிறகுதான் மெல்ல மெல்ல மனந்திரும்புகிறான், 'நிழல் படை' என்ற இரகசிய அமைப்பில் உளவாளியாகிறான். இரும்பு விரல்களுக்குள் துப்பாக்கியும் வானொலிக் கருவியும் வருகின்றன. ஒரு கட்டத்தில் அமெரிக்க நாயகர்களைப் பார்த்து அவனுக்கும் வேஷ உடை மாட்டிப் பார்த்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. சாதாரண கோட்டுப் போட்டுக்கொண்டு, செய்த பிழையின் நினைவோடு அலைகிற அந்த மனிதன்தான் எனக்கு நாயகன்.

இங்கிலாந்தில் 'வேலியன்ட்' என்ற சிறுவர் வார இதழ் 1962 ஒக்டோபர் 6 அன்று தொடங்கியது. அதன் முதல் இதழிலேயே இந்தத் தொடரும் தொடங்கியது. பிறகு 1967 அளவில் அதே நிறுவனம், ஃபிளீட்வே, கைக்கடக்கமான தனிப் புத்தகங்களாகவும் இவனுடைய சாகசங்களை வெளியிட்டது. 'வேலியன்ட்' தொடங்கி ஏறக்குறையப் பத்தாண்டு கழித்து, 1972 ஜனவரியில், தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் நாட்காட்டிக்கும் பெயர்போன சிவகாசியில் சௌந்தரபாண்டியன் என்பவர் 'முத்து காமிக்ஸ்' என்ற வெளியீட்டைத் தொடங்கினார். முதல் புத்தகத்தின் பெயரே 'இரும்புக்கை மாயாவி'. தொடக்ககால ஆசிரியர் முல்லை தங்கராசன். 'உறைபனி மர்மம்', 'நாச அலைகள்', 'பாம்புத் தீவு', 'கொள்ளைக்கார மாயாவி' என்று அடுத்தடுத்து வந்தன. கூடவே லாரன்ஸ்-டேவிட் இணையும் ஜானி நீரோவும் வந்து சேர்ந்தார்கள். மாயாவியையும் சேர்த்து ரசிகர்கள் இவர்களை மும்மூர்த்திகள் என்றே அழைக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் அவனுக்கு இரும்பு நகத்தை வைத்துத்தான் பெயர். 'மாயாவி' என்ற சொல்லைச் சேர்த்தது தமிழ். அந்த ஒரு சொல்லால் அவன் நம் வீட்டுக்குள் வந்துவிட்டான். கோணேசர் கோயிலடியில் இராவணன் வெட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, மேகத்துக்குள் மறைந்து நின்று அம்பு விட்ட இந்திரசித்துவைத் தெரியாதா? எங்களுக்கு மாயாவி இலண்டன்காரனாகத் தோன்றவே இல்லை.

எங்கள் ஊருக்கு அவன் வந்து சேர்ந்த வழி வேறு கதை. 1972 என்பது சிறிமாவோ அம்மையாரின் ஆட்சிக்காலம். இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. இலங்கை எழுத்து வளர அது உதவியது என்று பெரியவர்கள் சொல்வார்கள், அதில் உண்மை உண்டு. ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த நியாயம் எப்படி விளங்கும்? இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ஓடிய இராமானுஜம் கப்பலில் யாராவது உறவினர் வந்தால், அவருடைய சேலைப் பொதிக்குள் ஒன்றிரண்டு புத்தகம் இருக்கும். என் மாமா ஒருவர் அப்படிக் கொண்டுவந்த மூன்று புத்தகங்களை எங்கள் ஒழுங்கை முழுவதும் வாசித்தது. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்தது, கடைகளில் புத்தகம் தொங்கத் தொடங்கியது. ஆனால் அந்த மூன்று புத்தகங்களின் வாசனை வேறு.

யார் எப்போது வாசிப்பது என்று ஒரு கொப்பித் தாளில் பெயர்ப் பட்டியல் எழுதி வைத்திருந்தோம். ஒரு இரவுதான் ஒருவருக்கு. கரண்ட் போனால் குப்பிவிளக்கு. மின்சாரத்தில் வாழ்கிற நாயகனை மண்ணெண்ணெய் வெளிச்சத்தில் வாசித்தோம்! எங்கள் ஒழுங்கையில் மீன்பிடிக் குடும்பத்துப் பொடியன் ஒருவன் இருந்தான். பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டவே திணறுவான். தன் முறை வருவதற்குள் வாசிக்கப் பழகவேண்டும் என்று என் அக்காவிடம் வந்து இருந்து படித்தான். இரண்டு மாதம். பிறகு அவனே சத்தம் போட்டு வாசிக்க, நாங்கள் சுற்றியிருந்து கேட்டோம். சித்திரக்கதை படித்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்பவர்களுக்கு நான் வைத்திருக்கிற சாட்சி அவன்தான்.

துறைமுக ஊர்ப் பிள்ளைகளுக்குக் கதை நடக்கும் இடங்களைத் தேடிப் போகத் தேவையில்லை. நிலாவெளிக்கு அப்பால் இருக்கிற புறாத்தீவுதான் எங்களுக்குப் பாம்புத் தீவு. சீனக்குடாக் காட்டுக்குள் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன எண்ணெய்க் குதங்கள் இருக்கின்றனவே, அவற்றில் ஏதாவது ஒன்றுக்குள் வில்லன் ஒளிந்திருக்கிறான் என்று சத்தியம் செய்வோம். உட்துறைமுகத்தில் இரவு ஒரு வெளிச்சம் அசைந்தால் அது நீர்மூழ்கி.

'நாச அலைகள்' எங்களிடம் வந்தபோது கடைசிப் பக்கங்கள் இல்லை. முடிவை ஆளுக்கொரு விதமாக நாங்களே சொல்லி முடித்தோம். பிறகு போர். அதில் நடந்தது உங்களுக்குத் தெரியும். கப்பலும் நின்றது, ஒழுங்கையும் கலைந்தது. அன்று சுற்றியிருந்து கேட்டவர்களில் சிலர் கனடாவில், சிலர் மண்ணுக்குள். அந்தப் புத்தகத்தின் உண்மையான முடிவை நான் வாசித்தது தலை நரைத்த பிறகு, மறுபதிப்பில். வாசித்து முடித்ததும் சொல்வதற்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை.

அந்த மறுபதிப்பு வந்த பிறகுதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. இதை வரைந்தது யார்? எழுதியது யார்? சிறுவயதில் அப்படி ஒரு கேள்வியே எழவில்லை. பக்கத்துக்குப் பக்கம் தேடினாலும் ஒரு பெயரும் இல்லை. பிறகு தேடி அறிந்துகொண்டேன். அன்றைய பிரித்தானியச் சித்திரக்கதை இதழ்களில் எழுத்தாளர், ஓவியர் பெயரைப் போடும் வழக்கமே இல்லை. 1977இல் தொடங்கிய '2000 ஏடி' என்ற இதழ்தான் அங்கே அதை மாற்றியது. மாயாவிக்கு உடல் மறையும், கை தெரியும். மாயாவியை உண்டாக்கியவர்களுக்கோ கையே மறைந்துபோயிற்று.

இன்று அந்தக் கைகளின் பெயரை இந்த மேடையில் சொல்ல விரும்புகிறேன்.

முதல் கதைகளை எழுதியவர் கென் புல்மர், விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர். அவருக்குப் பிறகு நீண்ட காலம் எழுதியவர் டொம் டலி. 'வேலியன்ட்' தொடரை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆங்கிலேயர் இல்லை, ஸ்பெயின் நாட்டவர். 1919இல் பார்சலோனாவில் பிறந்தவர். சகோதரர்களும் சகோதரியும் கூட ஓவியர்கள், ஒரு குடும்பமாகவே வரைந்தார்கள். 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தபோது அவருக்குப் பதினாறு பதினேழு வயது. 1938இல் பார்சலோனா நகரத்தின்மேல் விமானங்கள் குண்டு பொழிந்தன.

இதை அறிந்த அன்று நான் பெட்டியைத் திறந்து படங்களை மறுபடி பார்த்தேன். புகைப்படம் போல வரைவார், எல்லாம் கறுப்பு வெள்ளை. சுவரோரத்து நிழல், கதவிடுக்கில் விழுகிற வெளிச்சம், ஓசை கேட்டுத் திரும்புகிற ஒரு காவலாளியின் கண். நாங்கள் அந்த நிழல்களை ஏன் அவ்வளவு நம்பினோம் என்று அப்போது எனக்கு ஓரளவு புரிந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தின்மேல் குண்டு போட்டதை என் அப்பம்மா சொல்லிச் சொல்லி நடுங்குவார். எங்கள் தலைமுறை அதைவிட நெடிய போரைப் பார்த்தது. இருட்டில் காலடிச் சத்தம் கேட்டு மூச்சை அடக்கியவர்களுக்கு, அப்படி அடக்கிய இன்னொருவர் வரைந்த இருட்டு தெரியாமல் போகுமா? இது என் எண்ணம்தான், அவர் அப்படிச் சொன்னதாக நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படங்களை என்னால் இப்போது வேறுவிதமாகப் பார்க்க முடிவதில்லை. பிளாஸ்கோ 1995இல் இறந்தார்.

இன்னொரு பெயரையும் சொல்லவேண்டும். 1984 ஜூலையில் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் 'லயன் காமிக்ஸ்' தொடங்கினார். அதில் வந்து எங்களைப் பித்தாக்கியவன் ஸ்பைடர். அவனும் குற்றவாளியாகத் தொடங்கி நல்வழிக்கு வந்தவன்தான். அந்தத் தொடரைத் தொடங்கியவர் டெட் கோவன், வரைந்தவர் ரெஜ் பன். 1960களில் அதன் கதைகள் பலவற்றை எழுதியவர் யார் தெரியுமா? ஜெரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர்! தோழர் ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனின் உரிமையை வெறும் 130 டொலருக்கு விற்றவர். தன் பெயரை அந்தப் படைப்பில் திரும்பப் பொறிக்க 1970களின் நடுப்பகுதிவரை போராடியவர். அப்படிப்பட்டவர் எழுதியதையும் நாங்கள் பெயர் தெரியாமலேயே வாசித்தோம்.

தமிழாக்கிய கைகளையும் மறக்கக்கூடாது. பேச்சுக் குமிழுக்குள் இத்தனை எழுத்துத்தான் அடங்கும் என்ற அளவுக்குள், ஒரு பிள்ளை ஒரே மூச்சில் வாசிக்கக்கூடிய தமிழை எழுதினார்களே! அந்த வேலையின் அருமை மொழிபெயர்ப்புச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். முத்து காமிக்ஸ் 2022இல் ஐம்பது ஆண்டைக் கண்டது. இன்றும் சிவகாசியிலிருந்து புத்தகங்கள் வந்துகொண்டிருக்கின்றன.

நூலகர் அம்மா, இனி உங்களோடு ஒரு விஷயம். பெட்டியை இப்போது மேசையில் வைக்கிறேன். நாளைக்கு இவற்றைச் சேர்வுப் பதிவேட்டில் பதிவீர்கள். தலைப்பு, வெளியீடு, வருடம் எல்லாம் புத்தகத்திலேயே இருக்கும். 'ஆசிரியர்' என்ற பத்தியில் எழுத ஒன்றும் கிடைக்காது. தயவுசெய்து அதில் கோடு இழுத்துவிடாதேங்கோ. எந்தப் புத்தகத்துக்கு யார் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றை ஒரு தாளில் எழுதி மேலே வைத்திருக்கிறேன். என் கையெழுத்து கொஞ்சம் கிறுக்கல், அதனால் முதல் பெயரை மட்டும் எழுத்துக்கூட்டிச் சொல்கிறேன். பிள்ளைகளே, நீங்களும் சேர்ந்து சொல்லுங்கோ: ஹெ, சூ, ஸ். பி, ளா, ஸ், கோ.