பழைய மடிக்கணினிக்குப் புது வட்டு



2020, 2021ஆம் ஆண்டுகளில் பள்ளிகள் மூடப்பட்டுப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்க நேர்ந்தபோது, தோட்டப்புறங்களில் பல பெற்றோர் கைமாறி வந்த மடிக்கணினிகளைச் சிரமப்பட்டு வாங்கிக் கொடுத்தார்கள். அவைதாம் இப்போது நகர மறுக்கின்றன. பித்தானை அமுக்கிவிட்டுத் தேநீர் கலக்கிக் குடித்து முடித்த பிறகும் திரை விழிப்பதில்லை. இது தேறாது, தவணையில் புதிது எடுத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுகிறது. அந்தத் தவணைத் தாளில் கையெழுத்துப் போடுமுன் ஒரு விஷயத்தை நாம் பார்த்துவிட வேண்டும்.

கணினியின் மூளை வேறு. பாடங்களையும் படங்களையும் சேர்த்து வைக்கும் அதன் பண்டசாலை வேறு. பழைய கணினிகளில் பண்டசாலையாக இருப்பது 'ஹார்டு டிஸ்க்' எனப்படும் சுழலும் வட்டு. ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் வெளியிட்ட முதல் வட்டுக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான். இசைத்தட்டுப் போல் வட்டு சுழலும். முள் போன்ற கை ஒன்று முன்னும் பின்னும் ஓடிப் படிக்கும். மடிக்கணினி வட்டுகளில் பல நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகின்றன. வேகந்தானே என்று தோன்றும். ஆனால், கணினி எழும்போது அதற்கு வேண்டிய ஆயிரக்கணக்கான துணுக்குகள் வட்டில் அங்குமிங்கும் சிதறிக் கிடக்கின்றன.

பால் வெட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோப்பைப் பாலை வாளியில் ஊற்ற எவ்வளவு நேரம்? ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடப்பதில்தானே பொழுது போகிறது! அந்த முள்ளும் அப்படித்தான். நொடிக்கு நூறு இடங்களைத் தொட்டு வருவதே அதற்குப் பெரும்பாடு. அதுவரை மூளை சும்மா காத்திருக்கிறது.

எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகைச் சேமிப்பில் சுழல்வதும் இல்லை, முள்ளும் இல்லை. 1980களில் தோஷிபா நிறுவனத்தின் புஜியோ மசுவோக்கா உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகந்தான் அதன் உயிர். நம் கைத்தொலைபேசியிலும் இருப்பது அதே. எந்த மூலையில் உள்ளதையும் நடக்காமலே எடுத்துத் தரும். ஆகவே, நிமிடக்கணக்கில் எழுந்த கணினி பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் எழுந்துவிடும்.

ஆனால், எல்லாக் கணினிக்கும் இது மருந்தன்று. விண்டோஸ் 10 உள்ள கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'டிஸ்க்' என்ற இடம் எந்நேரமும் 100 விழுக்காடு காட்டினால், நோய் பெரும்பாலும் வட்டில்தான். அங்கே எஸ்.எஸ்.டி. என்றே எழுதியிருந்தால் மாற்றிப் பயனில்லை. சில மலிவுக் கணினிகளில் சேமிப்புச் சில்லைப் பலகையோடு ஈயம் வைத்து ஒட்டியிருப்பார்கள். அதைக் கழற்ற முடியாது. நினைவகம் 4 ஜிகாபைட் மட்டுமே என்றால், அதையும் கூட்ட முடியுமா என்று கடைக்காரரைக் கேளுங்கள். பிள்ளையின் பள்ளிப் பாடத்துக்கு 256 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி. தாராளம். அதற்கு மேல் விற்கப் பார்ப்பார்கள், வேண்டியதில்லை.

இனி, முக்கியமான வேலை. வட்டைத் தொடுமுன் கல்யாணப் படம், பிள்ளையின் பாடம், அடையாள அட்டை நகல் எல்லாவற்றையும் வேறோர் இடத்தில் படியெடுத்துவிட வேண்டும். வட்டிலிருந்து 'டக் டக்' என்று ஓசை வந்தால் கணினியைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் சேதம் கூடலாம். அதன்பின் மின்கம்பியைப் பிடுங்கி, பேட்டரி கழலுமானால் கழற்றிவிட்டுத் திருகாணியில் கை வைக்கலாம். திருகாணிகள் ஒரே நீளத்தில் இருக்கமாட்டா. காகிதத்தில் கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, எடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் நாடாவால் ஒட்டி வைக்கும்படி எங்கள் மாணவர்களிடம் சொல்வதுண்டு. கைத்தொழில் வகுப்பில் படித்த பிள்ளைகளுக்கு இது கடினமே அன்று.

இன்னொன்று. விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. புது வட்டு அதை மாற்றாது. விண்டோஸ் 11 ஏற்காத கணினியாக இருந்தால், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் வகை ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். இணையத்தில் படிக்கவும் கட்டுரை எழுதவும் அது போதும்.

கடையில் கொடுத்து மாற்றினால் பழைய வட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பயனில்லை, இங்கேயே இருக்கட்டும் என்பார்கள். உங்கள் குடும்பப் படங்களும் சம்பளச் சீட்டும் அதற்குள் இருக்கின்றன. அது பழுதில்லாமல் இருந்தால், யூ.எஸ்.பி. உறை ஒன்றில் செருகிப் படங்களின் இரண்டாம் படியை அதில் வைத்துக்கொள்ளலாம். வைக்கும் இடம் மட்டும் மழை ஒழுகாத அலமாரியாக இருக்கட்டும்.