கேட்பது வேறு, கெஞ்சுவது வேறு

(கல்முனையில் தொழிலாளர் குடும்பங்கள் கூடியபோது சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



இன்று காலை கல்முனைக் கடையொன்றில் நாம் பிளேன்டீ குடித்தோம். தோட்டத்திலிருந்து எம்மோடு வந்த பிள்ளை, "அண்ணே, ஒரு பிளேன்டீ தாங்க" என்றார். பக்கத்திலிருந்த உள்ளூர்த் தம்பி, "காக்கா, எனக்கும் தாங்க" என்றார். அண்ணன், காக்கா என்று அழைக்கும் சொல்தான் வேறு; மரியாதை ஒன்றே. இருவருமே 'தயவுசெய்து' என்று சொல்லவில்லை. 'தாங்க' என்பதிலேயே மரியாதை அடங்கிவிட்டது.

'தா' என்பதற்கும் 'தாங்க' என்பதற்கும் உள்ள தூரம் தோட்டத்து மக்களுக்கு நன்றாகத் தெரியும். வெள்ளைக்காரர் காலத்தில் சின்னத்துரைமார் தமிழ் படிக்கவென்று கொழும்பில் அச்சிட்ட கைநூல் ஒன்றின் பெயரே 'இங்கே வா'. 'வாங்க' என்ற சொல் அந்தத் தலைப்புக்குத் தேவைப்படவில்லை. தொழிலாளியை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு அந்த இரண்டு சொல்லே சாட்சி.

இனி ஆங்கிலத்துக்கு வருவோம். அங்கே நீ, நீங்கள் இரண்டுக்கும் 'யூ' என்ற ஒரே சொல்தான். நாம் மனதில் 'தாங்க' என்று நினைத்து 'கிவ் மீ' என்று சொன்னால், கேட்பவர் காதில் 'தா' என்றே விழும். கொழும்புக் கடைகளிலும் வெளிநாட்டு வீடுகளிலும் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் "மரியாதை தெரியாதவர்கள்" என்று ஏச்சு வாங்க இதுவும் ஒரு காரணம். அவர்களிடம் மரியாதை இருக்கிறது. ஆங்கிலத்தில் அதை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆங்கிலம் மரியாதையைக் கேள்வியில் வைக்கிறது. 'குட் யூ கிவ் மீ த ஃபோர்ம், ப்ளீஸ்?' என்றால் 'அந்தப் படிவத்தைத் தர முடியுமா?' என்று பொருள். முடியாது என்று சொல்லவும் மற்றவருக்கு இடம் விடுகிறோம். 'கேன் யூ' என்பதைவிட 'குட் யூ' தணிவானது. 'ஐ வோன்ட்' என்பதைவிட 'ஐ வுட் லைக்' தணிவானது. 'ப்ளீஸ்' மட்டும் ஒட்டினால் போதாது. 'கம் ஹியர், ப்ளீஸ்' என்பது இன்னும் 'இங்கே வா' தான்.

தோழர்களே, தணிவாகப் பேசுவது ஒன்று, தாழ்ந்து போவது இன்னொன்று. பழைய மனுக்களில் 'ஐ ஹம்ப்ளி பெக்' என்று எழுதுவார்கள். 'தாழ்மையுடன் இரந்து கேட்கிறேன்' என்று பொருள். சட்டப்படி நமக்குச் சேரவேண்டிய பணத்தை ஏன் இரந்து கேட்க வேண்டும்?

பணிக்கொடையை எடுத்துக்கொள்வோம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 5 ஆண்டுகள் பூர்த்தி செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு, ஆண்டொன்றுக்கு 14 நாள் சம்பளம் சேரும். 20 ஆண்டு கொழுந்து பறித்த அம்மாவுக்கு 280 நாள் சம்பளம். வேலையை விட்டு 30 நாட்களுக்குள் அதைக் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தில் 'கருணை காட்டுங்கள்' என்று எழுதாதீர்கள். 'ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் டெல் மீ த டேட் ஒஃப் பேமன்ட்' என்று எழுதுங்கள். 'பணம் தரும் திகதியை அறியத் தந்தால் நன்றியுடையேன்' என்பதே அதன் பொருள். அதில் மரியாதையும் உண்டு, கணக்கும் உண்டு.

இன்னொன்றையும் மறவாதீர்கள். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. தொழில் அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். தமிழிலேயே பதிலும் கேட்கலாம்.

எந்த மொழியில் கேட்டாலும் தலை நிமிர்ந்து, மரியாதையோடு கேட்போம்.